இருப்பு குறைந்தால் எல்லாம் திருட்டா? பணியிட அனுபவங்கள்

உறுப்பினர் 1:
ஒரு பெரிய சில்லறை விற்பனை நிலையத்தின் இருப்புக் கணக்கெடுப்புப் பிரிவில் ஆறு ஆண்டுகள் பணியாற்றினேன். கணினி காட்டும் எண்ணிக்கைக்கும் அலமாரியில் இருப்பதற்கும் ஒவ்வொரு முறையும் வித்தியாசம் வரும். மேலாளரின் அறிக்கையில் அது முழுவதும் ‘திருட்டு’ என்ற ஒரே தலைப்பின்கீழ் போய்ச் சேரும். ஒருமுறை 48 ஷாம்பு புட்டிகளைக் காணவில்லை என்று கூறி, மாலை ஷிப்டில் இருந்த ஊழியர்களின் பைகளைச் சோதித்தார்கள். இரண்டு நாள் கழித்துச் சரக்குச் சீட்டுகளைப் புரட்டியபோது, வந்து இறங்கியவை மூன்று பெட்டிகள் என்பதும், ஐந்து என்று பதிவாகியிருந்தது என்பதும் தெரியவந்தன. கணக்கைத் திருத்தினார்கள். பை சோதிக்கப்பட்டவர்களிடம் ஒருவரும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

திருட்டே இல்லை என்று நான் வாதிடவில்லை. சவர பிளேடுகள் என் கண்ணெதிரேயே போயிருக்கின்றன. ஆனால் இருப்பு இழப்பு என்பதில் வாடிக்கையாளர் திருட்டோடு ஊழியர் திருட்டும் பதிவுப் பிழையும் அடக்கம். அமெரிக்காவின் தேசியச் சில்லறை வணிகக் கூட்டமைப்பே, 2021ஆம் ஆண்டின் 94.5 பில்லியன் டாலர் இழப்பில் ஏறத்தாழப் பாதி கும்பல் திருட்டால் நேர்ந்தது என்ற தன் கூற்றை 2023 டிசம்பரில் திரும்பப் பெற்றுக்கொண்டது.

உறுப்பினர் 2:
பதிவுப் பிழை எப்படி நேர்கிறது என்பதை பில் போடும் இடத்திலிருந்து சொல்கிறேன். எங்கள் நிறுவனம் நான்கு நாள் வேலை வாரத்தை அறிவித்தபோது மகிழ்ந்தோம். பிறகுதான் அதே 40 மணி நேரத்தை நான்கு நாளில் நின்றுகொண்டே முடிக்க வேண்டும் என்பது புரிந்தது. ஒன்பதாவது மணி நேரத்தில் ஒரே பொருளை இருமுறை ஸ்கேன் செய்திருக்கிறேன், சிலவற்றை ஸ்கேன் செய்யாமலே பையில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஸ்கேன் செய்யாமல் போனவையும் மாதக் கடைசியில் திருட்டுக் கணக்கில்தான் ஏறின. ஐஸ்லாந்தில் 2015 முதல் 2019 வரை ஏறத்தாழ 2,500 பேரிடம் நடந்த சோதனைகளில் வேலை நேரமே வாரத்துக்கு 35, 36 மணியாகக் குறைக்கப்பட்டது, ஊதியம் குறைக்கப்படவில்லை. நேரத்தைக் குறைப்பதும் நாளைக் குறைப்பதும் ஒன்றென நினைத்துப் பேசுபவர்களிடம் (எங்கள் மேலாளரும் அவர்களில் ஒருவர்) இந்த வேறுபாட்டைச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

உறுப்பினர் 3:
கடை வேலையை விட்டு, வீட்டிலிருந்தே செய்யும் ஆவணச் சரிபார்ப்புப் பணிக்கு மாறினேன். பைச் சோதனை இங்கே வேறு வடிவில் வந்து சேர்ந்தது: மவுஸ் அசையாத நேரத்தையெல்லாம் ஒரு மென்பொருள் குறித்துக்கொள்கிறது. அச்சிட்ட ஒப்பந்தம் ஒன்றை நாற்பது நிமிடம் ஊன்றிப் படித்த நாளில், அந்த நாற்பது நிமிடமும் ‘வேலை செய்யாத நேரம்’ என்று பதிவாகி, விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. இப்போது இடக்கையில் தாளைப் பிடித்துப் படித்தபடியே வலக்கையால் மவுஸை அசைத்துக்கொண்டிருக்கிறேன்.