தாமிரப் பரப்பில் அணு நகரவில்லை, எம்எஸ்டி மட்டும் ஏறுகிறது

கேள்வி:
லாம்ப்ஸில் (அணுக்களின் அசைவைக் கணக்கிடும் மென்பொருள்) தாமிரத்தின் (100) பரப்பில், அதாவது அணுக்கள் சதுரமாக அடுங்கிய படிக முகத்தில், ஒரே ஒரு தாமிர அணுவை வைத்து விரவல் கெழு (அணு எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்ற அளவு) எடுக்கப் பார்க்கிறேன். இஏஎம் பொட்டென்ஷியல் (உலோக அணுக்களுக்கு இடையிலான விசையைச் சொல்லும் மாதிரி), 8 அடுக்கு, 300 கெல்வின், மொத்தம் 1 நானோ வினாடி. ஓவிட்டோவில் (அணுக்களைப் படமாகக் காட்டும் மென்பொருள்) பார்த்தால் அணு அதே குழியில் உட்கார்ந்து அதிர்கிறது. எம்எஸ்டி (அணு நகர்ந்த தூரத்தின் வர்க்கச் சராசரி) ஏறிக்கொண்டே போகிறது. எதை நம்புவது?

பதில் 1:
கண்ணை நம்புங்கள். எம்எஸ்டியை நேரத்துக்கு எதிராக லாக்-லாக்கில் (இரண்டு அச்சிலும் மடக்கை அளவு) வரையுங்கள். விரவல் என்றால் சாய்வு 1. அது 2 பக்கம் வந்தால் ஸ்லாப் (8 அடுக்குத் தாமிரப் பலகை) மொத்தமாக மிதந்து போகிறது. அடி இரண்டு அடுக்கை அசையாமல் நிறுத்திவிட்டு ஓட்டுங்கள்.

கேட்டவர்:
கிட்டத்தட்ட 2தான் அண்ணா. அடியை நிறுத்தியதும் எம்எஸ்டி தட்டையாகிவிட்டது. ஆனால் இப்போது விரவலே இல்லையே?

பதில் 2:
இருக்காதுதான். இந்தப் பரப்பில் ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்குத் தாவலுக்கான ஆற்றல் தடை சுமார் 0.5 எலெக்ட்ரான் வோல்ட். முயற்சி அதிர்வெண் (அணு தடையைத் தாண்ட முட்டிப் பார்க்கும் தடவைகள்) வினாடிக்கு 10¹³ என்று வைத்தால், நாலு திசையும் சேர்த்து 300 கெல்வினில் ஒரு தாவலுக்குச் சராசரியாக 6 மைக்ரோ வினாடி ஆகும். நீங்கள் ஓட்டியது அதில் ஆறாயிரத்தில் ஒரு பங்கு! 800 கெல்வினில் அதே 1 நானோ வினாடிக்குள் இருபது முப்பது தாவல் கிடைக்கும். 650 முதல் 900 வரை சில வெப்பநிலைகளில் ஓட்டி அர்ஹீனியஸ் கோடு (1/வெப்பநிலைக்கு எதிராகத் தாவும் வீதத்தின் மடக்கை; சாய்விலிருந்து தடை கிடைக்கும்) போடுங்கள். தடையை நெப் முறையில் (இரண்டு குழிகளுக்கு இடையே ஆற்றல் குறைந்த பாதையைத் தேடும் கணக்கு) தனியாகவும் எடுத்து ஒப்பிடுங்கள். 300 கெல்வினே வேண்டுமென்றால் கைனட்டிக் மான்டே கார்லோ (அதிர்வை விட்டுவிட்டுத் தாவல்களை மட்டும் வீதப்படி கணக்கிடும் முறை) போன்ற வழிதான்.

சூட்டில் இன்னொரு சிக்கல் வரலாம். மேலே இருக்கும் அணு பரப்புக்குள் இறங்கி, அங்கிருந்த அணு வெளியே வந்துவிடும். அலுமினியத்தின் (100) பரப்பில் இந்த இடமாற்றம்தான் சுலபமான வழி என்று இயற்பியலாளர் ஃபைபெல்மேன் 1990-இல் கணக்கிட்டுக் காட்டினார். தாமிரத்தில் தாவலே முந்தும், ஆனாலும் பொட்டென்ஷியலைப் பொறுத்து இடமாற்றமும் எட்டிப் பார்க்கும். அப்போது ஒரே ஐடியை (அணுவின் எண்ணை) பின்தொடர்ந்தால் ஆள் மாறியது தெரியாது. ஒவ்வொரு ஃபிரேமிலும் 4 அண்டை அணு மட்டும் உள்ளதைத் தேடிப் பிடியுங்கள்; பரப்பு அணுவுக்கு 8 இருக்கும்.

கேட்டவர்:
நன்றி அண்ணா, 800-இல் ஓட விட்டிருக்கிறேன். லாஞ்சவின் தெர்மோஸ்டாட்டை (உராய்வும் தற்செயல் உதைப்பும் கொடுத்து வெப்பநிலையைக் காக்கும் முறை) எல்லா அணுவுக்கும் போட்டிருக்கிறேன், பரவாயில்லையா?

பதில் 2:
வேண்டாம். நடு அடுக்குகளுக்கு மட்டும் போடுங்கள். மேலணுவுக்கும் மேல் அடுக்குகளுக்கும் வெறும் என்விஇ (தெர்மோஸ்டாட் இல்லாத ஓட்டம்). லாஞ்சவின் உராய்வு தாவும் வீதத்தையே மாற்றிவிடும்.