பொருள்: ரேடியோ ஸ்கேனருக்குத் தமிழில் என்ன? (கொஞ்சம் அவசரம்)

அனைவருக்கும் வணக்கம்.

ஹூஸ்டன் பக்கத் தமிழர்களுக்காக ஒரு சிறு கையேடு மொழிபெயர்க்கிறேன். தீயணைப்பு, ஆம்புலன்ஸ் பேச்சைக் கேட்கிற ரேடியோ ஸ்கேனரைப் பழையதாக வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் விஷயம். ஜூன் 1 புயல் பருவத் தொடக்கம். அதற்குள் அச்சாக வேண்டும். ஸ்கேனர், டிரங்கிங், என்கிரிப்ஷன் மூன்றிலும் முட்டி நிற்கிறேன். கடைசிச் சொல்லுக்கு, அதாவது வெளியார் கேட்க முடியாதபடி பேச்சைக் குறியீடாக்குவதற்கு, ‘மறையாக்கம்’ போட்டுவிட்டேன். மற்றவற்றுக்குச் சொல் தாருங்கள்.

– செ., ஹூஸ்டன்

*

கணினி ஸ்கேனருக்கு ‘வருடி’ ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. முன்னால் ‘அலை’ சேருங்கள், முடிந்தது. அலைவருடி.

– ம., மதுரை

*

> அலைவருடி

ஐயா, கோவிக்க வேண்டாம். வருடுவது தென்றலின் வேலை. இந்தப் பெட்டி அலைவரிசை அலைவரிசையாகத் தாவும், பேச்சுக் கேட்கிற இடத்தில் நிற்கும், பேச்சு ஓய்ந்ததும் மறுபடி கிளம்பும். இருட்டில் தீப்பெட்டி தேடுகிற கை மாதிரி. ‘அலைத்துழாவி’ என்று வைக்கலாம்.

– ந., ஸ்காபரோ

*

வைப்பதானால் ‘அலைதுழாவி’. இரண்டாம் வேற்றுமைத் தொகையில் வலி மிகாது. திசைகாட்டி என்றுதானே எழுதுகிறோம், திசைக்காட்டி என்றா?

ஆனால் துழாவுவது கரண்டி அல்லவா? பெரும்பாணாற்றுப்படையில் ‘துழவை’ வருகிறது. அரிசியைத் துழாவிக் களியாக்கி, ஆறவைத்து, அப்புறம் கள்ளாக்குகிறார்கள். திருமாலின் துழாய்க்கும் இதே வேர்தான் என்பது என் நெடுநாள் ஐயம்.

– க., தஞ்சாவூர்

*

துளசி எதை ஐயா துழாவுகிறது?

டிரங்கிங்குக்கு வருவோம். அகராதியைப் பார்த்து யாரும் ‘தண்டு’ போட்டுவிடாதீர்கள். பழைய டிரங்க் கால் நினைவும் வேண்டாம். சில தடங்கள், பல குழுக்கள். பேச வருகிற குழுவுக்கு அந்த நேரத்தில் சும்மா இருக்கும் தடத்தைக் கணினி ஒதுக்குகிறது. எந்தக் குழு எங்கே என்பதைக் கட்டுப்பாட்டுத் தடம் சொல்கிறது. அதைப் படிக்கத் தெரியாத பழைய பெட்டியில் துண்டு துண்டான பேச்சுதான் கிடைக்கும். ‘பகிர்தடம்’ என்கிறேன், வினைத்தொகை. இலக்கணத்தார் மன்னித்தால் சரி.

– இ., பெங்களூரு

*

பகிர்தடம் நன்று. ஸ்கேனருக்கோ வள்ளுவரே ஒற்றாடல் என்று ஓர் அதிகாரம் தந்திருக்கிறார். ‘ஒற்றுவானொலி’. தூய சொல், முன்னோர் சொல்.

– தூ., சேலம்

*

ஐயா, அந்தப் பேரோடு ஒன்றை வீட்டில் வைத்திருந்தால் மனைவியே போலீசைக் கூப்பிடுவாள். அமெரிக்காவில் மறையாக்கம் செய்யாத தீயணைப்புப் பேச்சைக் கேட்பது பொதுவாகக் குற்றமில்லை. சில மாநிலங்களில் வண்டியில் வைத்திருந்தால்தான் சிக்கல். செல்பேசி அலைவரிசைகளைப் பிடிக்கும் ஸ்கேனர்களைத் தயாரிக்கவும் இறக்குமதி செய்யவும் 1994-லேயே தடை வந்தது. ஒற்று என்றால் வாசகர் தப்பாக எடுத்துக்கொள்வார்.

– ந., ஸ்காபரோ

*

நண்பர்களே, என் கவலையைச் சொல்லிவிடுகிறேன். கையேட்டின் உயிர் இந்தப் பத்தி:

“விளம்பரத்தில் எத்தனை சேனல் என்று பார்க்காதீர்கள். முதலில் உங்கள் கவுண்டி (மாவட்டம் மாதிரி) எந்த முறையில் பேசுகிறது என்று பாருங்கள். அனலாக் என்றால் யூனிடென் பிசி125ஏடி ஸ்கேனர் போதும், 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள வானிலை அறிவிப்பும் அதில் வரும். பி25 (தீயணைப்பு, போலீஸ் போன்றோர் பேசும் டிஜிட்டல் ரேடியோ முறை) பகிர்தடம் என்றால் அது ஊமை. டிஜிட்டல் ஸ்கேனர் வேண்டும். இரண்டாம் கட்ட பி25 என்றால் அதையும் படிக்கிறதா என்று கேளுங்கள். பல கோபுரங்கள் ஒரே அலைவரிசையில் ஒரே பேச்சை அனுப்பும் ஊர்களில் பழைய டிஜிட்டல் பெட்டிகள் திக்கும். 2018-இல் வந்த யூனிடென் எஸ்டிஎஸ்100 அதைச் சமாளிக்கும். மறையாக்கம் செய்த பேச்சை எந்தப் பெட்டியும் திறக்காது.”

இதைப் படித்தவர் கடைக்காரரிடம் போய் ‘அலைதுழாவி இருக்கா’ என்று கேட்க முடியுமா? உள்ளே ‘ஸ்கேனர்’, தலைப்பில் மட்டும் ‘அலைதுழாவி’. சரியா?

– செ.

*

சரி.

– இ.

*

சரி, ஒற்று மிகாமல்.

– க.

*

எனக்கு உடன்பாடில்லை. எல்லோரும் களைத்துப்போய்ச் சரி என்கிறீர்கள். கணினிக்கு ஒரு வருடி, ரேடியோவுக்கு ஒரு துழாவி, ஆஸ்பத்திரி ஸ்கேனுக்கு நாளை இன்னொன்றா? என் மறுப்பைக் குறித்துக்கொள்ளவும்.

– ம., மதுரை

*

குறித்தாயிற்று ஐயா. அது போகட்டும், ‘மறையாக்கம்’ எப்படிக் கேள்வியே இல்லாமல் உள்ளே போனது? மறை என்றால் வேதம். தீயணைப்புக்காரர்கள் வேதமா இயற்றுகிறார்கள்?

– தூ., சேலம்