அரம் போட்டும் தூள்தான் கொட்டுகிறது: செயினை மாற்ற வேண்டுமா?

கேள்வி:
எனது சங்கிலி ரம்பத்தின் செயினுக்கு நேற்று மாலைதான் அரம் போட்டேன். இருந்தும் இன்று ஓர் அடிமரத்தை அறுத்தபோது, சீவல்களுக்குப் பதிலாக மாவு போன்ற தூளே கொட்டியதோடு, பாதி ஆழத்துக்குப் பின் வெட்டு வலப்பக்கமாக வளைந்துகொண்டே போயிற்று. செயினின் ஆயுள் முடிந்துவிட்டது என்பதை எதைக் கொண்டு தீர்மானிப்பது?

பதில் 1:
தூள் கொட்டுவதை மட்டும் வைத்துச் செயின் தேய்ந்து முடிந்துவிட்டது என்று சொல்ல இயலாது. பல செயின்களில் ஒவ்வொரு பல்லின் மேற்பரப்பிலும் பின்புறமாக ஒரு சாய்கோடு பொறிக்கப்பட்டிருக்கும். அந்தக் கோடுவரை பல் தேய்ந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். கோடு இல்லையெனில், இருப்பதிலேயே குட்டையான பல்லை அளந்து பாருங்கள். அதன் மேற்பகுதியின் நீளம் 4 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால், அதற்கு மேல் தீட்டுவது பல் உடைந்து தெறிக்க இடம்கொடுப்பதாகும்.

பதில் 2:
பல்லின் மேற்பகுதி பின்னோக்கிச் சரிந்திருப்பதால், தீட்டத் தீட்ட அதன் கூர் விளிம்பு தாழ்ந்துகொண்டே வரும். பல்லுக்கு முன்னால் நின்று, அது எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் மட்ட முனையையும் அதற்கேற்பத் தட்டை அரத்தால் குறைக்காவிட்டால், எவ்வளவு கூராக இருந்தாலும் பல் மரத்தில் இறங்காமல் சுரண்ட மட்டுமே செய்யும். இரண்டுக்கும் இடையிலான உயர வேறுபாடு பெரும்பாலும் 0.65 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். (இதை அறியாமல் நல்ல செயின் ஒன்றை நானே தூக்கி எறிந்திருக்கிறேன்.) வெட்டு வளைவதற்கு, ஒரு பக்கப் பற்கள் மற்றப் பக்கத்தைவிட நீளமாக இருப்பதோ, செயின் சுற்றி ஓடும் தகடான பாரின் விளிம்புகள் ஏற்றத்தாழ்வாகத் தேய்ந்திருப்பதோ காரணமாகலாம்.

கேள்வி கேட்டவர்:
அளந்து பார்த்தேன். வலப்பக்கப் பற்கள் 7 மி.மீ., இடப்பக்கப் பற்கள் 6 மி.மீ. உள்ளன, மட்ட முனையை நான் ஒருநாளும் தொட்டதில்லை. ஆனால் ஒரு பல்லுக்குக் கீழே, ரிவெட்டை ஒட்டி, மயிரிழை போல ஒரு கோடு தெரிகிறது. அழுக்கு என எண்ணி மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தும் போகவில்லை.

பதில் 3:
அது விரிசல். பற்கள் பாதிக்கு மேல் மீதமிருந்தாலும் அந்தச் செயினை இனி ஓட்டாதீர்கள். ஓடும்போது அறுந்தால் உங்கள் மீதே பாயக்கூடும். மாற்றும்போது, செயினை இழுத்து ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டையும் பாருங்கள். அதில் 0.5 மி.மீ. ஆழத்துக்குத் தடம் விழுந்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். இல்லையெனில் புதுச்செயினும் விரைவில் கெட்டுவிடும்.