சார்லஸ் விதிக் கோடு டர்பனில் ஏன் −273இல் வெட்டவில்லை?

டர்பன் வாசகி:
அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் பதினோராம் வகுப்புப் படிக்கும் என் மகள், ஒரு முனை மூடிய மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஒரு தண்ணீர்த் துளியால் காற்றை அடைத்து, அதை வெந்நீரில் அமிழ்த்தி, வெப்பநிலை கூடக்கூடக் காற்றுத் தம்பம் எவ்வளவு நீளுகிறது என்று அளந்தாள். 27 டிகிரி செல்சியஸில் 60 மில்லிமீட்டராக இருந்தது, 57 டிகிரியில் 76 ஆயிற்று. கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் அது −85 டிகிரியில் வெப்பநிலை அச்சை வெட்டுகிறது; பாடநூலோ, அழுத்தம் மாறாதபோது வாயுவின் கனஅளவு வெப்பநிலையோடு சீராகக் கூடும் என்னும் சார்லஸ் விதிப்படி அது −273 என்கிறது. ஜோகன்னஸ்பர்க் அருகே லெனேசியாவில் இதே சோதனையைச் செய்த என் அண்ணன் மகனுக்கு −270க்கு அருகில் விடை வந்திருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதுதான் இவ்வேறுபாட்டுக்குக் காரணமா?

லெனேசியா ஆசிரியர்:
அம்மா, உயரம் காரணமாக இருக்க முடியாது. ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்துக்கு 1,700 மீட்டருக்கு மேல் இருப்பதால் இங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ 83 கிலோபாஸ்கல், டர்பனில் 101. ஆனால் சோதனை முடியும்வரை அழுத்தம் மாறாதிருக்க வேண்டும் என்பதே சார்லஸ் விதியின் நிபந்தனை. அது எத்தனை கிலோபாஸ்கலாக இருந்தாலும் விதி பொருந்தும். 60 மில்லிமீட்டர் உலர்ந்த காற்று அடைபட்ட குழாயை, அதே 27 டிகிரியில், டர்பனிலிருந்து இங்கே கொண்டுவந்தால், பாயில் விதிப்படி (வெப்பநிலை மாறாதபோது அழுத்தம் குறைந்தால் கனஅளவு அதே விகிதத்தில் கூடும்) தம்பம் 73 மில்லிமீட்டராகும். அதன்பின் ஒவ்வொரு டிகிரிக்கும் அங்கே 0.20 மில்லிமீட்டர் கூடியது இங்கே 0.24 கூடும். நீளமும் சரிவும் ஒரே விகிதத்தில் பெருகுவதால் இரு கோடுகளும் அச்சை −273இலேயே வெட்டும்.

உயரத்தால் வரும் தொல்லை வேறொன்று உண்டு. இங்கே தண்ணீர் 94, 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். வெப்பநிலைமானியைப் பார்க்காமல் கொதிநீர் என்றாலே 100 என்று எழுதிவிடும் மாணவர்களின் கோடு அதனால் சாய்ந்துவிடுகிறது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் நண்பர்:
கோட்டைக் கெடுத்தது அந்தத் தண்ணீர்த் துளி என்றே நினைக்கிறேன். அழுத்தம் மட்டுமன்றி, அடைபட்ட வாயுவின் நிறையும் மாறாதிருக்க வேண்டும் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். துளி தண்ணீராக இருந்தால், சூடு ஏற ஏற அதிலிருந்து நீராவி எழுந்து உள்ளே சேர்ந்துகொண்டே போகும். நிறைநீராவியின் (இனியும் கொள்ளாத அளவுக்கு நிரம்பிய நீராவியின்) அழுத்தம் 27 டிகிரியில் ஏறத்தாழ 3.6 கிலோபாஸ்கல், 57 டிகிரியில் 17ஐத் தாண்டிவிடும். மொத்த அழுத்தம் 101.3 என்ற அளவிலேயே நிற்பதால், உள்ளிருக்கும் காற்றின் பங்கு 97.7இலிருந்து 84ஆகக் குறைகிறது. அந்த அளவுக்குக் காற்று கூடுதலாக விரிந்தாக வேண்டும்.

உலர்ந்த காற்றானால், 27 டிகிரியிலிருந்து 57 டிகிரிக்கு, அதாவது 273ஐக் கூட்டிய கெல்வின் அளவில் 300இலிருந்து 330க்குப் போகும்போது 60 மில்லிமீட்டர் 66 ஆகும். நீராவியையும் சேர்த்துக் கணக்கிட்டால் 77க்கு அருகில் வருகிறது. ஆகவே உங்கள் மகள் அளந்த 76 கவனமான அளவீடுதான்; அவள் அளந்தது காற்றின் விரிவையும் நீரின் ஆவியாதலையும் சேர்த்து. 87 டிகிரிவரை சூடேற்றியிருந்தால் புள்ளிகள் மேல்நோக்கி வளைந்து, நேர்கோடே வரைய முடியாமல் போயிருக்கும்.

டர்பன் வாசகி:
மிக்க நன்றி. அண்ணனைக் கேட்டேன், அங்கே ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் அடர் கந்தக அமிலத் துளியை ஆசிரியரே குழாயில் வைத்துக் கொடுத்தாராம். ஒரு ஐயம் மட்டும் மிஞ்சுகிறது: டர்பன் கோடையில் காற்றே ஈரமாக இருக்கிறதே, தண்ணீர்த் துளி இல்லாவிட்டாலும் அந்த ஈரம் அளவீட்டைக் கெடுக்காதா?

பீட்டர்மாரிட்ஸ்பர்க் நண்பர்:
அவ்வளவாகக் கெடுக்காது. திரவ நீரைத் தொடாமல், முன்பே ஆவியாகக் கலந்திருக்கும் ஈரம், சூடேற்றும்போது ஏனைய வாயுக்களைப் போலவே விரியும். குளிர்வித்து அளந்தால்தான் அது பனித்துளியாகப் படிந்து தொல்லை தரும். குழாயின் சுவரில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் நீர்தான் ஆபத்தானது.

இந்தத் தொல்லை மிகப் பழையது. பிரெஞ்சு அறிவியலாளர் சார்லஸ் 1787 அளவில் செய்த சோதனைகளை வெளியிடவில்லை. 1802இல் அவற்றைக் குறிப்பிட்டுத் தம் முடிவுகளை வெளியிட்ட பிரெஞ்சு வேதியியலாளர் கே-லுசாக், முன்னோரின் அளவுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டதற்குக் கருவிகளில் தங்கிய ஈரமே காரணம் என்று கருதினார். அவருக்கே 0 டிகிரியில் 100 பங்காக இருந்த வாயு 100 டிகிரியில் 137.5 ஆயிற்று. இன்றைய அளவு 136.6. அவருடைய எண்ணைக் கொண்டு கோட்டை நீட்டினால் அது −267க்கு அருகில்தான் வெட்டும்.

லெனேசியா ஆசிரியர்:
வீட்டில் மீண்டும் செய்வதானால் அமிலத்தைத் தொட வேண்டாம். குழாயை முதலில் சூடாக்கி நன்கு உலர்த்திவிட்டு, சமையல் எண்ணெய்த் துளியொன்றை வையுங்கள். எண்ணெய் சுவரில் ஒட்டிக்கொண்டு மெதுவாகவே நகரும் என்பதால், ஒவ்வொரு வெப்பநிலையிலும் துளி அசைவதை நிறுத்தும்வரை காத்திருந்து அளக்கச் சொல்லுங்கள்; தம்பம் முழுவதும் நீருக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும், குழாயின் திறந்த வாய் மட்டும் வெளியே இருக்கட்டும்.