ஆறாத புண்ணும் டிரெஸ்ஸிங் வலியும்: உங்கள் வீட்டு அனுபவத்தை எழுதுங்கள்

அப்பா பரோட்டா மாஸ்டர், ஆயுசில் பாதி கல்லுக்கு முன்னால் நின்றே போனது. முதலில் நரம்பு சுருட்டிக்கொண்டது, அப்புறம் இடது கணுக்காலின் உட்பக்கம் தோல் கறுத்து அரிப்பு, சொறிந்த இடம் புண்ணாகி மூடவே இல்லை. அவருக்குச் சர்க்கரை கிடையாது. ஆனாலும் பார்க்கிறவர்கள் எல்லாம் "சுகரா?" என்றுதான் கேட்டார்கள்.

புண் வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டார். டிரெஸ்ஸிங் என்றால் முந்தின நாள் ராத்திரியே சோறு இறங்காது. புண்மேல் வைத்துக் காய்ந்து ஒட்டின காஸ் துணியை ஒரே இழுப்பாக இழுப்பார்கள், அதோடு புதிதாக வளர்ந்த சிவப்புச் சதையும் பிய்ந்து வரும், அப்புறம் எங்கே ஆறும்? அதன்மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு வேறு. நுரை வந்தால்தான் அழுக்கு போகுமாம். கிருமியோடு புதுச் சதையையும் சேர்த்துத்தான் அது அரிக்கிறது.

வேறு இடத்துக்குப் போனோம். அங்கே இருந்த சிஸ்டர் காஸ் மேல் சலைன் உப்புநீரை ஊற்றி, அது தானாக நழுவும்வரை அப்பாவிடம் ஊர்க்கதை கேட்டுக்கொண்டிருந்தார். டிரெஸ்ஸிங்குக்கு முக்கால் மணி நேரம் முன்னால் போட ஒரு வலி மாத்திரையை டாக்டர் எழுதித் தந்தார். புண்ணில் ஒட்டாத பாரஃபின் வலை வைத்தார்கள். ரத்த ஓட்டத்தைக் கேட்கும் டாப்ளர் கருவி வைத்துக் கணுக்கால் பிரஷரையும் கை பிரஷரையும் ஒப்பிட்டு, காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி நன்றாக இருக்கிறது என்று தெரிந்தபின், விரலடியிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை இறுக்கமான கட்டு. கழற்றச் சொல்லி முதலில் தினமும் சண்டைதான். ஆனால் வீக்கம் வடிந்ததும் வலியும் குறைந்தது, ஓரத்திலிருந்து தோலும் மூட ஆரம்பித்தது. எத்தனை களிம்பு பூசினோம், ஆற்றியது அந்தக் கட்டுதான்.

~

அக்கா எழுதியதைப் பார்த்துவிட்டு யாரும் தாங்களாகவே கட்டிவிடாதீர்கள். எங்கள் மாமா விடாத பீடிக்காரர், புண் கால் விரலில். படுத்தால் வலி உயிர் போகும், காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால்தான் கொஞ்சம் அடங்கும், அதனால் உட்கார்ந்தபடியே தூங்குவார். தமனி அடைப்பு. இப்படிப்பட்ட காலை இறுக்கிக் கட்டினால் காலே போய்விடும் என்றார் ரத்தக்குழாய் டாக்டர். அடைப்பைச் சரிசெய்தபின்தான் மனிதர் நீட்டிப் படுத்தார். பீடியை விட்டாரா என்று மட்டும் கேட்காதீர்கள்.

~

நான் வீடுவீடாகப் போய் டிரெஸ்ஸிங் செய்யும் நர்ஸ். இதற்கு நேர்மாறானது சர்க்கரைப் புண். உணர்ச்சி போன பாதம் வலிக்காது, வலிக்கவில்லையே என்று அதன்மேலேயே நடப்பார்கள். புண்மேல் பாரம் விழாதபடி செருப்பு மாற்றாமல் எந்த மருந்தும் வேலை செய்யாது. நாள்பட்ட சர்க்கரைப் புண்ணில் திடீரென்று வலி வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள், உள்ளே சீழ் பிடித்திருக்கலாம். புற்றுநோய்ப் புண் என்றால் வலிக்கு மார்பின் மாத்திரை, நாற்றத்துக்கு மெட்ரோனிடசோல் பொடி, இரண்டையும் வெட்கப்படாமல் கேட்டு வாங்குங்கள்.

வலித்தால் கையைத் தூக்குங்கள், நிறுத்திவிடுகிறேன் என்று ஆரம்பிக்கும்போதே சொல்லிவிடுவேன். பாதிப் பேர் தூக்குவதே இல்லை.

அப்புறம் அக்கா, புண் ஆறியபிறகும் அப்பாவுக்கு அழுத்தக் காலுறை போட்டுவிடுகிறீர்களா? விட்டால் அதே இடத்தில் திரும்ப வரும்.