இட்லிப்பூவில் வந்து நிற்பது குருவியா, பூச்சியா?

கேள்வி:
எங்கள் வீடு குமுளியிலிருந்து வண்டிப்பெரியாறு போகும் வழியில் இருக்கிறது. சுற்றிலும் காப்பியும் மிளகும்தான். வாசலில் ஒரு இட்லிப்பூச் செடி, இங்கே எல்லோரும் தெச்சி என்பார்கள். மூன்று நாளாகக் காலை எட்டரை மணி வாக்கில் ஒன்று வந்து அதில் தேன் குடிக்கிறது. பூவில் உட்காரவே இல்லை. அந்தரத்தில் நின்றபடியே ஒரு குலையில் நாலைந்து பூ, சட்டென்று அடுத்த குலை. பச்சை உடம்பு, இடுப்பில் கருஞ்சிவப்புப் பட்டை, பின்னால் கறுப்பாகக் குஞ்சம். இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மங்கல். கிட்டே போனால் ரீங்காரம் கேட்கிறது. மாமியார் தேன்சிட்டுக் குஞ்சு என்கிறார். பத்தாவது படிக்கும் மகன் ஹம்மிங்பேர்ட் என்று அடித்துச் சொல்கிறான். போனில் எடுத்த நாலு படத்திலும் பச்சைத் தீற்றல்தான் விழுந்திருக்கிறது. என்னவென்று தெரியாமல் மனசு ஆறவில்லை.

பதில்:
ஹம்மிங்பேர்ட் இல்லை அக்கா. அந்தக் குடும்பத்தில் 300க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு, எல்லாமே அமெரிக்கக் கண்டங்களில்தான். தேன்சிட்டுக் குஞ்சாகவும் இருக்காது. கூட்டை விட்டு வெளியே வரும்போதே அது கிட்டத்தட்ட தாயின் அளவுக்கு வளர்ந்திருக்கும். தலையில் இரண்டு உணர்கொம்பு தெரிகிறதா என்று பாருங்கள். இருந்தால் பூச்சி.

பதில் (கூடலூரிலிருந்து):
பூச்சியேதான். பகலில் பறக்கும் பருந்து அந்துப்பூச்சி வகை. நீங்கள் சொன்ன பச்சையும் சிவப்புப் பட்டையும் கறுப்புக் குஞ்சமும் அதில் செஃபோனோடெஸ் ஹைலஸ் என்ற இனத்துக்கு அப்படியே பொருந்துகின்றன. எங்கள் காப்பித் தோட்டத்தில் பூமழை விழுந்து பூ வெடித்ததும் இதைப் பார்த்துவிடலாம்.

இறக்கை மங்கலாகத் தெரிவதற்கு வேகம் மட்டும் காரணமில்லை, அது கண்ணாடி போன்ற இறக்கை. கூட்டுப்புழுவிலிருந்து வெளிவரும்போது அதன் மேல் சாம்பல் நிறச் செதில்கள் இருக்கும். முதல் தடவை சிறகடித்ததுமே அத்தனையும் உதிர்ந்து நரம்பும் ஓர விளிம்பும் மட்டும் மிஞ்சும். ஒரு தடவை அதைக் கண்ணால் பார்த்தேன், இன்னும் மறக்கவில்லை.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடியது மேக்ரோகுளோசம் வகை. அதற்கு முன்னிறக்கை பழுப்பு, ஊடே தெரியாது. திரும்பும்போது பின்னிறக்கையில் மஞ்சள் பளிச்சிடும். அப்புறம், அலகு என்று நீங்கள் நினைப்பது உறிஞ்சுகுழல். குடித்து முடித்ததும் சுருட்டி முகத்துக்குக் கீழே வைத்துக்கொள்ளும். போனில் ஸ்லோ மோஷன் போட்டு நல்ல வெயிலில் எடுங்கள், எல்லாம் தெரியும்.

மகனை ஒன்றும் சொல்லாதீர்கள். 1848இல் அமேசானுக்குப் போய்ப் பதினோரு வருடம் அங்கேயே திரிந்த ஹென்றி வால்டர் பேட்ஸ் என்ற இயற்கையியலாளரே, இந்த மாதிரிப் பூச்சியை ஹம்மிங்பேர்ட் என்று நினைத்துப் பல தடவை சுட்டிருக்கிறார்.

கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. இன்னொன்று கேட்க வேண்டும். கொல்லையில் கந்தராஜன் வைத்திருக்கிறேன், மல்லிகைபோல் மணக்கும் பெரிய வெள்ளைப்பூ. போன மாதம் அதில் விரல் நீளப் பச்சைப் புழுக்கள், வாலில் ஒரு கொம்போடு. இலையை மொட்டையடிக்கிறதே என்று ஆறேழைப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டுவிட்டேன். அதுவும் இதுவும் ஒன்றா?

பதில் (கூடலூரிலிருந்து):
அநேகமாக இதன் புழுக்கள்தான். கந்தராஜன், காப்பி இரண்டுமே அதற்கு உணவு. கொம்பு குத்தாது, வெறும் சதை. தெரியாமல் செய்ததற்கு வருத்தப்படாதீர்கள். இலை திரும்பத் துளிர்க்கும், செடி சாகாது. இனி மருந்து மட்டும் அடிக்க வேண்டாம். புழு கீழே இறங்கிச் சருகுக்கடியில், மண்ணில்தான் கூட்டுப்புழுவாகும். அதனால் செடியடியில் கொத்தாமல் விடுங்கள்.

கேட்டவர்:
இன்று எட்டு இருபதுக்கு வந்தது. மகன் ஸ்லோ மோஷனில் எடுத்தான். உணர்கொம்பு இரண்டும், குழல் சுருளுவதும் நன்றாகத் தெரிகிறது. மாமியார் மூன்று தடவை போடச் சொல்லிப் பார்த்தார். கந்தராஜனில் இன்னும் இரண்டு புழு இருக்கிறது. கோழியைக் கட்டிப் போட்டிருக்கிறேன். செடியடிச் சருகை இன்று பெருக்கவில்லை.