குரோ பாட்ரிக் மலையேற்றம்: சிவாலய ஓட்டம் ஓடியவரின் ஐயங்கள்

கேள்வி: விளவங்கோடு வாசகர்

அயர்லாந்தின் மேற்குக் கரையில் மேயோ என்ற கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) செவிலியராக இருக்கும் என் மகளைப் பார்க்க வருகிற ஜூலையில் செல்கிறேன். அவள் வீட்டுச் சன்னலிலிருந்து பார்த்தால் கூம்பு போல நிற்கும் குரோ பாட்ரிக் மலை தெரியுமாம். ஜூலை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆயிரக்கணக்கானோர், அவர்களில் சிலர் வெறுங்காலுடன், அந்த மலையில் ஏறுவார்கள் என்கிறாள். குமரி மாவட்டத்தில் சிவராத்திரியை ஒட்டிப் பன்னிரண்டு சிவாலயங்களுக்கு ஓடி வழிபடும், முன்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடியும் சிவாலய ஓட்டத்தில் ஒன்பது முறை ஓடியவன் நான். அதனால் அந்த மலையைக் கீழே நின்று பார்த்துவிட்டுத் திரும்ப மனம் ஒப்பவில்லை. அங்கே என்ன முறைகளைச் செய்கிறார்கள், கிறிஸ்தவர் அல்லாதவர் ஏறலாமா என்பதை அறிந்தவர்கள் சொல்ல வேண்டும். இன்னொன்று, அந்நாட்டுச் சாலைப் பலகைகளில் ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு பெயர்கள் இருக்கின்றனவே, அது ஏன்?

மறுமொழி 1: கோட்டாற்றிலிருந்து

ஐயா, கால்வே நகரில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்தபோது இரண்டு முறை உச்சிக்கு ஏறியிருக்கிறேன். மூன்றாம் முறை மழையும் மூடுபனியும் பாதியிலேயே திருப்பி அனுப்பிவிட்டன. மலையின் உயரம் 764 மீட்டர்தான். ஆனால் கடலை ஒட்டிய மரிஸ்க் என்ற ஊரிலிருந்து புறப்படுவதால், ஏறக்குறைய அத்தனை மீட்டரையும் நம் கால்களே ஏற வேண்டும். ஓடையை ஒட்டிச் செல்லும் முதல் பகுதி, நம்மூர் மருந்துவாழ் மலை ஏறிப் பழகியவருக்குப் பெரிதாகத் தோன்றாது. தோள் போன்ற மேட்டைக் கடந்து கூம்பின் அடிக்கு வந்த பிறகுதான் சோதனை. நான் ஏறிய காலத்தில் அங்கே மண்ணே கிடையாது. உடைந்த வெளிர்சாம்பல் நிறக் கற்கள்தான். ஓர் அடி எடுத்து வைத்தால் கல்லோடு சேர்ந்து அரை அடி கீழே சரிவோம். எனக்கு முன்னால் வெறுங்காலுடன் ஏறிய ஒரு முதியவர், ஒவ்வொரு கல்லையும் பெருவிரலால் அசைத்துப் பார்த்த பின்பே பாதத்தை வைத்தார். அண்மை ஆண்டுகளில் கையாலேயே கல் அடுக்கி அந்தச் சரிவைச் செப்பனிட்டிருக்கிறார்கள்.

அயர்லாந்தின் காவல் புனிதரான புனித பாட்ரிக் கி.பி. 441-ல் இந்த உச்சியில் நாற்பது நாள் நோன்பிருந்தார் என்பது மரபு. முறைகள் மூன்று இடங்களில் நடக்கும். கூம்பின் அடியில் உள்ள கற்குவியலை ஏழு முறை சுற்றி வந்து செபிக்க வேண்டும். உச்சியில் 1905-ல் கட்டிய சிற்றாலயத்தைப் பதினைந்து முறை சுற்ற வேண்டும். மேற்குச் சரிவில் இருக்கும் மூன்று கற்குவியல்களில் ஒவ்வொன்றையும் ஏழு முறை சுற்ற வேண்டும். சுற்றுவது எப்போதும் வலமாகத்தான். ஐரிஷ் மொழியில் அதற்கு 'தெஷல்' என்று பெயர். அதன் வேரான 'தஸ்' என்ற சொல்லுக்கு வலப்பக்கம், தெற்கு ஆகிய இரு பொருளும் உண்டு. நாம் பிரதட்சிணம் என்பதில் உள்ள 'தட்சிணம்' அதற்கு உறவுச் சொல்தான், அதற்கும் இதே இரண்டு பொருள்கள். இதை அறிந்த நாளில் எனக்கு உறக்கம் வரவில்லை.

மலை எல்லோருக்கும் பொது. மதம் கேட்பார் இல்லை.

மறுமொழி 2: தக்கலை, ஓய்வுபெற்ற ஆசிரியர்

பலகையில் மேலே சாய்ந்த எழுத்தில் இருப்பது ஐரிஷ் பெயர். கீழே நிமிர்ந்த எழுத்தில் இருப்பது ஆங்கிலப் பெயர். 1824-ல் பிரித்தானிய அரசு தொடங்கிய நில அளவையின்போது, மக்கள் சொன்ன ஊர்ப் பெயர்களை ஆங்கில எழுத்துக் கூட்டலில் வரைபடத்தில் நிலைநிறுத்தினார்கள். திருவனந்தபுரம் 'ட்ரிவாண்ட்ரம்' ஆனபோது திருவும் போய் அனந்தனும் போனதை நாம் கண்டிருக்கிறோம். அங்கே ஒரு நாடு முழுவதற்கும் அது நிகழ்ந்தது. மேயோ என்றால் யூ மரங்கள் நிறைந்த சமவெளி. நாக் என்றால் குன்று. பாலின்டபர் என்றால் கிணற்றூர். 'கில்' என்று தொடங்கும் பெயர்கள்தான் சிக்கலானவை. தேவாலயத்தைக் குறிக்கும் சொல்லும் காட்டைக் குறிக்கும் சொல்லும் ஆங்கில எழுத்தில் ஒன்றாகிவிட்டன. ஐரிஷ் வரியைப் படித்தால்தான் கில்டேர் 'கருவாலி மரத் தேவாலயம்' என்பதும், மேயோவிலுள்ள கில்ட்டிமா காட்டின் பெயர் என்பதும் விளங்கும். மலைக்கு அருகில் உள்ள வெஸ்ட்போர்ட்டின் பலகையைப் பாருங்கள். மேல் வரியின் பொருள் 'மாடுகளின் கற்கோட்டை'. மேற்கும் இல்லை, துறைமுகமும் இல்லை.

1937-ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி ஐரிஷ் முதல் ஆட்சிமொழி. 2007 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளிலும் ஒன்று. ஆனாலும் 2022 கணக்கெடுப்பில், ஐரிஷ் தெரியும் என்று பதிந்த ஏறத்தாழ 18.7 லட்சம் பேரில், கல்விக்கூடத்துக்கு வெளியே நாள்தோறும் பேசுவோர் சுமார் 72 ஆயிரம்தான். பள்ளிகள் ஆங்கிலத்தில் நடந்ததும், 1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சமும் முக்கியக் காரணங்கள். பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் இறந்தார்கள், அதே அளவினர் கப்பலேறினார்கள். ஐரிஷ் பேசிய மேற்குப் பகுதி ஏழைகளையே அது கடுமையாகத் தாக்கியது. மரிஸ்கில் மலைக்கு எதிரே 1997-ல் நிறுவப்பட்ட வெண்கலக் கப்பல் ஒன்று நிற்கிறது. பாய்மரக் கயிறுகள் இருக்க வேண்டிய இடத்தில் எலும்புக்கூடுகள் தொங்கும். மலைக்கு முன் அதைப் பாருங்கள்.

மறுமொழி 3: குளச்சல் வாசகர்

கோட்டாற்று அண்ணாச்சி சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். ஜூலை இறுதிக் கூட்டத்துக்கு அடியில் லூனசா என்ற பழைய அறுவடைத் திருநாள் இருக்கிறது என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். காலம் பொருந்துவதால் அது நியாயமான கருத்தே. ஆயினும் சிலர் அதைப் பிடித்துக்கொண்டு, ஏறுகிறவர்களின் செபத்தை வெறும் மேற்பூச்சு என்று பேசுவதை நான் ஏற்கவில்லை. கோவிந்தா கோபாலா என்று கூவிக்கொண்டே பன்னிரண்டு சிவாலயங்களுக்கு ஓடுகிறோம். அதில் எது அசல், எது பூச்சு என்று ஒருவர் பிரித்துக் காட்டினால் நமக்கு எப்படி இருக்கும்?

மேலும், உங்கள் ஓட்டத்துக்கு நெருங்கியது மலையேற்றம் அல்ல. 1216-ல் நிறுவப்பட்ட பாலின்டபர் மடத்திலிருந்து மலை வரை வயல், சதுப்பு, ஓடை வழியாக 35 கிலோமீட்டர் செல்லும் 'தோகர் பாட்ரிக்' என்ற பாதைதான் அது. நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடிய காலுக்கு அது ஒரு நாள் நடை. நோன்பும் வேண்டுமானால் டோனிகல் கவுண்டியில் லாக் டெர்க் ஏரித் தீவு இருக்கிறது. மூன்று நாள் வெறுங்கால், ஓர் இரவு முழுக்க விழிப்பு, நாளுக்கு ஒரு வேளை காய்ந்த ரொட்டியும் பாலில்லாத தேநீரும். சிவராத்திரி விழித்தவருக்கு இது புதிதல்ல, குளிர்தான் புதிது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. முதல் நாள் பாலின்டபரிலிருந்து நடந்து, ஒரு நாள் இளைப்பாறி, ஞாயிறன்று மலை ஏறுவதாக மகளிடம் சொல்லிவிட்டேன். ஓட்டத்தில் கையில் பிடிக்கும் பனையோலை விசிறியை அங்கேயும் கொண்டு போகலாமா?

மறுமொழி 1: கோட்டாற்றிலிருந்து

கொண்டு போகலாம், ஐயா. ஆனால் உச்சிக் காற்று அதை உங்கள் கையில் விட்டுவைக்காது. விசிறியைப் பையில் வைத்துக்கொண்டு, அடிவாரத்தில் ஒரு கைத்தடி வாங்கிக்கொள்ளுங்கள். இறங்கும்போது அது இல்லாமல் முடியாது.